கம்பெனித் தையல்

எதிர்க்கடை அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் கார்களைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் எவனும் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். நாங்களும் வம்பு எதற்கென்று மறுத்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கார் சீட்டுக்கு உறை போடுகிற கடை அவருடையது. வெட்டுவதும் மாட்டுவதும் அண்ணன், தைப்பது அண்ணி. நான் நேர் எதிரே சாவி போடுகிறவன். கையை நீட்டினால் என் கடையின் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம். அதனால் பாதி நாள் அவர்கள் கடை வாசல் ஸ்டூலில்தான் இருப்பேன். இந்த விஷயம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். மற்றபடி ஒட்டுக்கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

பழைய கார் வாங்க நினைப்பவர்கள் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் அண்ணனிடம் வருவார்கள். அவர் பானட்டைத் திறக்கமாட்டார். சீட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். ஓரத்தை முகர்ந்து பார்ப்பார். தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டுவார்.

"வீட்டு வண்டின்னா சொன்னான்? புளுகுறான். முன் சீட்டைவிடப் பின் சீட்டு தேஞ்சிருக்கு பாருங்க. வாடகைக்கு ஓடின வண்டி."

இன்னொரு காரில், "இதுல நாய் உக்காந்திருக்கு. பெரிய நாய். எடம் மாறி மாறிப் படுத்திருக்கு" என்றார். விசாரித்தால் அப்படியேதான் இருந்தது. ஜோசியம் பார்ப்பதுபோல ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அண்ணனுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிப்போனது உண்மை.

அண்ணி அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரே வெட்டு. அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மெஷினில் அடிப்பக்க நூல் சுற்றியிருக்கிற சின்ன பாபினில் ஒவ்வொரு வேலை முடியும்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். மற்ற கடைகளில் அறுத்து எறிந்துவிட்டு அடுத்த நிறத்தைச் சுற்றுவார்கள். அண்ணி எறியமாட்டாள். அடுத்த வேலையின் முதல் சீட்டை எடுத்து, அடியில் யார் கண்ணிலும் படாத மறைவுத் தையலை அந்த மிச்ச நூலில் ஆரம்பிப்பாள். அது தீர்ந்த பிறகுதான் புது நூல். அதனால் ஒரு வேலைக்கு ஒரு சீட்டிலாவது, அடியில் ஒரு சாண் தூரத்துக்கு முந்தின வேலையின் நிறம் இருக்கும்.

"கஞ்சப் பிசினாரி" என்பார் அண்ணன்.

"உக்காருறவன் என்ன தலைகீழா உக்காந்து பாக்கப்போறானா?" என்பாள் அண்ணி.

அண்ணனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. அவள் தைத்து முடித்ததும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, "பரவாயில்ல" என்பார். நல்ல நாளாக இருந்தால், "பரவாயில்ல, ஆனா கம்பெனித் தையல் மாதிரி வராது" என்பார். கார் செய்கிற கம்பெனியிலேயே போட்டு வருகிற தையல்மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. அண்ணி பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த துணியை இழுப்பாள். இருபத்திரண்டு வருஷமும் இதே கதைதான். எனக்கே சில நாள் ஸ்டூலைத் தூக்கி அவர் தலையில் போடலாம் என்று தோன்றியிருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் இனி டூவீலரில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து கடைக்கு எட்டு கிலோமீட்டர். ரோடு முழுக்கப் பள்ளம். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வரவேண்டும். ஒரு வாரம் அண்ணி வீட்டிலேயே இருந்தாள். அண்ணன் தானே மெஷினில் உட்கார்ந்தார். அவர் தைத்த உறையைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், "சீட்டு சாஞ்சிருக்கா, இல்ல வண்டிய மேட்டுல நிறுத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கார் வராவிட்டால் அண்ணி வரமுடியாது. அண்ணி வராவிட்டால் கடை இல்லை. அதை அண்ணன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காலி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர்கள் மகளுக்கு லைசென்ஸ் இருந்தது. இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடையில் வேலை. காலையில் அம்மாவை இறக்கிவிட்டுப் போய், மாலையில் ஏற்றிக்கொள்ளலாம். அவளே ஒரு சின்ன வெள்ளைக் காரைப் பார்த்தும் வைத்திருந்தாள். ஐந்து வருஷம் ஓடியது. மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டி, சரி என்றும் சொல்லவைத்திருந்தாள்.

அண்ணன் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"சீட்டா அது? பலகை மேல துணியப் போத்தி வெச்சிருக்கான். உங்கம்மா இடுப்புக்கு அதுல ஒரு வாரம் தாங்காது."

"சீட்டை நாம மாத்திக்கலாம்ப்பா. இஞ்சினைத்தான் மாத்த முடியாது."

"எனக்கே சீட்டு சொல்லித் தர்றியா?"

அந்த நேரம் பார்த்துத்தான் சிரிப்புத் தரகர் வந்து சேர்ந்தார். பழைய கார் வாங்கி விற்கிறவர். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு சிரிப்பு, பின்னால் ஒரு சிரிப்பு. நடுவில் என்ன சொன்னார் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் யோசிப்போம். அவர் ஓட்டிவந்தது ஒரு கறுப்பு சொகுசுக் கார். எங்கள் தெருவில் அது திரும்பியபோது டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவாமல் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். பத்து வருஷத்துப் பழசு. விலை, ஒரு புதுச் சின்னக் கார் அளவுக்குத்தான்.

"ஹஹ்ஹா, ஒரே ஓனர்ணே. உள்ள எல்லாம் ஒரிஜினல். கம்பெனில போட்ட தோல், கம்பெனில போட்ட தையல், ஒரு ஊசி படல. வெளிநாட்டு டாக்டருங்க முதுகெலும்ப அளந்து செஞ்ச சீட்டுண்ணே இது, ஹஹ்ஹா!"

அண்ணன் முன்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரலைத் தையலில் ஓட்டினார், மறுபடி ஓட்டினார். பிறகு மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, மீட்டர் எண்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுது, ஆனா இது அவ்வளவு ஓடின வண்டி இல்ல. ஸ்பான்ஜ் அப்படியே கல்லு மாதிரி நிக்குது. முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்காது. தையலப் பாத்தியா? ஒரு எடத்துல நூல் முன்ன பின்ன இல்ல. தைச்ச கையக் கண்ணுல ஒத்திக்கணும்."

"மெக்கானிக்கை ஒரு பார்வை பாக்கச் சொல்லலாமாண்ணே?"

"அவன் என்னத்தப் பாப்பான்? சீட்டு பொய் சொல்லாது."

தரகர் இரண்டு நாள் வண்டியைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். அண்ணன் அண்ணியை ஒரு டாக்ஸி வைத்துக் கூட்டி வந்தார். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் சாரல் அடித்ததால் நாங்கள் மூன்று பேரும் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரொட்டியும் அவித்த முட்டையும். அண்ணன் மூன்று பேர் மடியிலும் பேப்பரை விரித்து, "ஒரு துணுக்கு கீழ விழுந்துது, அவ்வளவுதான்" என்று மிரட்டினார். முட்டைக்கு மிளகுத்தூள் போடக்கூட விடவில்லை.

அண்ணி முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு இடுப்புக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"என்னாச்சு?" என்றார் அண்ணன்.

"வலிக்கல."

"நெசமாவா?"

"எங்க வலிக்குமோ அந்த எடத்துலயே வந்து தாங்குதுங்க. யாரோ கேட்டுட்டுச் செஞ்ச மாதிரி."

அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அவரே இன்னொரு முட்டையை உரித்து அவளிடம் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் ஆயிரக்கணக்கான கார் சீட்டுக்குத் தைத்தவள், சொந்தம் என்று நினைத்து ஒரு சீட்டில் சாய்ந்தது அன்றுதான். நான் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். காரணம் முட்டை மஞ்சள்கருவாகவும் இருக்கலாம்.

அந்த நேரம் வைப்பர் தானாகவே ஆட ஆரம்பித்தது.

"பாத்தியா புத்திய! மழைன்னு அதுக்கே தெரியுது" என்றார் அண்ணன்.

மழை விட்டு வெயில் அடித்த பிறகும் அரைமணி நேரம் அது துடைத்துக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் மகள் வந்தாள். அவளுக்கு அந்தக் காரைப் பிடிக்காமல் இல்லை. ஸ்டியரிங்கை ஒரு தரம் ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் சண்டை பிடித்தாள்.

"அப்பா, இதுக்கு ஒரு லைட் உடைஞ்சா நம்ம கடைய மூடிட்டுத்தான் மாட்டணும். டயர்க்கடை மாமாகிட்டக் கேட்டேன். நாலு டயர் விலையச் சொல்லிட்டு அவரே உக்காந்துட்டாரு. சித்தப்பா, நீங்க சொல்லுங்க, இதோட சாவி தொலைஞ்சா?"

சித்தப்பா என்றது என்னை. நான் தொழிலுக்கு உண்மையாக இருக்கவேண்டுமே.

"என்னால முடியாதும்மா. சாவிக்குள்ள ஒரு சாவி இருக்கு, அதுக்குள்ள என்னமோ இருக்கு. கம்பெனிக்குத்தான் எழுதிப்போடணும்."

"சாவியத் தொலைக்காம வெச்சுக்குவேன்" என்றார் அண்ணன் சின்னப் பிள்ளைபோல.

"அம்மா, நீயாவது சொல்லேன்."

அண்ணி சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீ சொல்றதுதான் சரி. ஆனா இதுல உக்காந்தா எந்திரிக்க மனசு வரமாட்டேங்குது."

அத்தோடு மகள் அடங்கிவிட்டாள். அம்மாவின் வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்தானே.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு முன்பணம் வாங்கத் தரகர் வருவதாக ஏற்பாடு. மகள் அரைநாள் லீவு போட்டிருந்தாள். அண்ணன் ஏழு மணிக்கே வந்து முன் சீட்டைக் கழற்ற ஆரம்பித்தார். கீழே வயரைப் பிரித்து, நாலு போல்ட்டையும் எடுத்து, நானும் அவரும் பிடித்துத் தூக்கிக் கடைக்குள் மேஜைமேல் கவிழ்த்துப் போட்டோம்.

"எதுக்குண்ணே இந்த வேலை? வாங்கிட்டு அப்புறம் கழட்டக்கூடாதா?"

"பேப்பர்ல இதோட அளவ எடுத்து வெச்சுக்கலாம்னுதான். கம்பெனிக்காரன் வெட்டு நம்ம கைக்கு எப்பக் கிடைக்கும்?"

பிறகு அண்ணியைக் கூப்பிட்டார். கண்ணாடி போட்டும் கிட்டத்தில் இருப்பது அவருக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

"இந்தா, வா. அடித்தையல எப்படி முடிச்சிருக்கான்னு நல்லாப் பாத்துக்கோ. இதையெல்லாம் பாத்துக் கத்துக்கணும். நீயும் தைக்கிற, அவனும் தைச்சிருக்கான்."

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். மடிப்பை விரலால் விலக்கினாள். அப்படியே நின்றாள். நான் இடுப்புதான் பிடித்துக்கொண்டதோ என்று பயந்து ஸ்டூலை நகர்த்தினேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தோம். பார்த்தால் சிரிக்கிறாள். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் கொட்ட, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"என்னம்மா? என்ன?" என்று மகள் ஓடி வந்தாள்.

அண்ணி விரலால் காட்டினாள். கறுப்புத் தோலின் அடியில், மறைவுத் தையலின் ஆரம்பத்தில், ஒரு சாண் தூரத்துக்கு ஆரஞ்சு நூல். அதற்கு அப்புறம் கறுப்பு.

"ராட்டினம்" என்றாள் அண்ணி.

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"ராட்டினத்துக்கு முப்பத்திரண்டு சீட்டு தைச்சோமே, ஆரஞ்சு கலர்ல, கையெல்லாம் சாயம் ஒட்டிக்கிச்சே. அது முடிஞ்ச மூணாம் நாள்தானே பெருமழை. நம்ம ரெண்டாம் படிக்கட்டு வரைக்கும் தண்ணி வந்துச்சு. அப்புறம் ஒருத்தன் வேன்ல வெறும் சீட்டா நாலு கொண்டாந்து போட்டான். சேறு நாத்தம் தாங்காம நீங்க மூக்குல துணி கட்டிட்டு ஸ்பான்ஜ வெளிய எறிஞ்சீங்க. கண்ணாடியத் தெறந்துவிட்டதுல சாரல் பட்டுடுச்சுன்னு சொன்னான்."

அண்ணன் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த வருஷம் எல்லாமே கறுப்புதான் தைச்சோம்…" என்று இழுத்தார்.

"எல்லாமே கறுப்புதான். ஆரஞ்சுக்கு அடுத்து ஒரே ஒரு வேலைதான்."

மகள் காருக்குள் ஏறினாள். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. சாதாரணமாக யாரும் அவ்வளவு தூரம் இழுக்கமாட்டார்கள். கடைசி இரண்டடி வந்தபோது பெல்ட்டில் காய்ந்த சேற்றின் கோடு தெரிந்தது. அண்ணன் சீட்டின் அடி இரும்பை நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் உரிந்து துரு எட்டிப் பார்த்தது. வண்டி கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறது. வைப்பருக்கு வந்த புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"என் ஸ்பான்ஜ வெச்சு நானே முப்பதாயிரம்னு சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணன். குரலே எழும்பவில்லை. தெருவுக்கெல்லாம் சீட்டு ஜோசியம் சொன்ன மனுஷர்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் அண்ணி. அவளுக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "பழைய ஸ்பான்ஜ் அழுகிப்போச்சு, வளைவு எங்க வரணும்னு தெரியலன்னு, அளவுக்கு யாரை உக்கார வெச்சு வெட்டினீங்க?"

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"உன்னைத்தான்."

"வெளிநாட்டு டாக்டருங்க அளந்த முதுகெலும்பு!"

அவ்வளவுதான். மகள் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு வயிறு வலித்துவிட்டது. கடைசியில் அண்ணனும் சேர்ந்துகொண்டார். தான் ஏமாந்த கதைக்கு ஒரு மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணி மட்டும் சட்டென்று நிறுத்தினாள். ஊசித் தழும்பு நிறைந்த வலது கையை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க."

"என்ன?"

"தைச்ச கையக் கண்ணுல ஒத்திக்கணும்னு சொன்னீங்களாமே."

நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அண்ணன் என்னை ஒரு முறை முறைத்தார். தெருவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"சும்மா இரு. தெருவுல வெச்சு…" என்று துணியைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார். அண்ணி கையை இறக்கிக்கொண்டாள். சிரித்த முகம்தான், ஆனால் கொஞ்சம் வாடியதை நான் கவனித்தேன்.

பதினோரு மணிக்குத் தரகர் வந்தார். மகள் பெல்ட்டை இழுத்துக் காட்டினாள். அந்த மனுஷர் சிரிக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தோம். சிரிக்காத முகத்தில் அவரை அடையாளமே தெரியவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. நானும் ஒருத்தன்கிட்ட நம்பி வாங்கினதுதான். வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்கங்க."

பாதி விலை என்றதும் அண்ணன் கண் ஒரு நொடி சீட்டுப் பக்கம் போனது.

"சீட்டு என்னமோ நல்லாத்தான் இருக்கு…"

"சீட்டு நல்லாத்தான் இருக்கும். நான் தைச்சது" என்றாள் அண்ணி. "நடுரோட்டுல நின்னா அதுல உக்காந்து சீட்டையா ஓட்டப்போறீங்க? வண்டிய எடுத்துட்டுப் போங்க தம்பி. அடுத்து வாங்குறவங்ககிட்ட வெள்ளத்துல நின்ன வண்டின்னு சொல்லி வித்துடுங்க. நாங்க இந்தத் தெருவுலதான் இருக்கோம்."

தரகர் தலையாட்டினார். சீட்டைத் திரும்ப மாட்டும்போது போல்ட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

சின்ன வெள்ளைக் கார் அடுத்த வாரம் வந்தது. அதன் முன் சீட்டை உடனே பிரித்துப்போட்டார்கள். அண்ணன் ஸ்பான்ஜை வைத்து, அண்ணியை உட்காரச் சொல்லி, "இங்கயா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டு வெட்டினார். ஒரு நாள் முழுக்க அதே வேலை. வாடிக்கையாளர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணி தைத்தாள். முதல் ஒரு சாண் பச்சை. பக்கத்து மருத்துவமனைக்குப் போட்ட பெஞ்சு உறையின் மிச்சம். முடித்ததும் அண்ணன் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல" என்றுகூடச் சொல்லவில்லை.

அன்று மாலை முதல் சவாரி. மகள் ஸ்டியரிங்கில். அண்ணி முன் சீட்டில். அண்ணன் பின்னால், முழங்கால் மோவாயில் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நான் என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கையசைக்க நின்றேன். வண்டி எடுக்கும் முன் அண்ணி கண்ணாடியைச் சரிபார்ப்பதுபோல ஒரு முறை பின்னால் பார்த்தாள். கையை இரண்டு சீட்டுக்கும் நடுவில் பின்பக்கமாக நீட்டினாள்.

"அம்மா, கைய எடு, கியர் போடணும்" என்றாள் மகள்.

அண்ணி எடுக்கவில்லை.

அண்ணன் இந்தப் பக்கம் பார்த்தார். நான் அவசரமாகப் பூட்டைக் குனிந்து பார்ப்பதுபோல நடித்தேன். டீக்கடைக்காரர் நடிக்கவில்லை, கையில் கிளாஸோடு நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தார். குனிந்து ஒரு கண்ணில் ஒத்தினார். அப்புறம் மறு கண்ணிலும்.

மகள் கியரைப் போடாமல் காத்திருந்தாள்.